ஒன்பதாவது முறையும் மூடிய பெட்டி

1

இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். மேசைமேல் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. குலுக்கிப் பார்த்தேன், கொறிக்க ஏதோ இருந்தது. மூடியைப் பிடித்து ஒரே இழுப்பு. பெட்டி இரண்டாகி, உள்ளேயிருந்த பொடி பிஸ்கட்டுகள் சோபாவின் இடுக்கிலெல்லாம் குடியேறிவிட்டன.

தம்பியின் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தையின் கையை நான் ஒடித்துவிட்டதைப் போன்ற பார்வை.

"அண்ணி, அதுல 'இங்கே அழுத்தவும்'னு போட்டிருக்கே."

"அதையெல்லாம் யாரு படிக்கிறா?" என்றேன்.

சொன்ன மறு நிமிடம் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இரண்டு புத்தகம் எழுதிவிட்டு, யாருமே படிப்பதில்லை என்று பத்து வருடமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புகிறவள் நான். அவள் அதைக் குத்திக்காட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, கிழிந்த பெட்டியின் ஒட்டைப் பிரித்து, தட்டையாக விரித்து, கிழிசலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எல்லாரும் இங்கதான் பிடிக்கிறாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பெட்டி அவள் செய்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினான்கு வருடமாக அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை. 'ஏதோ அட்டைக் கம்பெனி' என்பதோடு சரி. அதை மறைக்கத்தான், "உன்னைப் பத்தி ஒரு கதை எழுதப்போறேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அப்போ பெட்டிய ஒழுங்கா திறக்கக் கத்துக்குங்க மொதல்ல" என்றாள்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். தூக்கிப் போட மனம் வராத மூன்று தொடக்கங்களை இங்கே வைக்கிறேன்.

'மனித நாகரிகம் என்பதே திறப்பதற்கும் மூடுவதற்கும் இடையே—' (இதைத் தொடர்ந்திருந்தால் நீங்கள் மூடியிருப்பீர்கள்.)

'வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் நின்ற அவள்—' (மழை பெய்யவில்லை. அவள் அறையில் ஜன்னலும் கிடையாது. ஈரக்காற்று பட்டால் அட்டை நெளிந்துவிடும்.)

'நாக்கு மேடம் காலையில் வந்ததும் முதல் வேலையாக நாலு நாக்கை வெட்டினார்.' (இது முழு உண்மை. ஆனால் கொலைக்கதை என்று நம்பி வந்தவர்கள் என்னைத் தேடி வருவார்கள்.)

மூன்றாவதை மட்டும் விளக்குகிறேன். பெட்டியின் மூடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் துண்டுக்கு நாக்கு என்று பெயர். அது போய் நுழைகிற கீறலுக்கு வாய் என்று பெயர். நாளெல்லாம் 'நாக்கு நீளம்', 'வாய் சின்னதா இருக்கு', 'நாக்கு உள்ள போகல' என்று பேசிக்கொண்டிருப்பவளுக்கு வேலையிடத்தில் 'நாக்கு மேடம்' என்ற பட்டம் கிடைத்ததில் வியப்பில்லை. வீட்டில் அவள் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் அது அதிசயம்.*

* தம்பி இதை மறுக்கிறான். அவனிடம் மட்டும் பேசுவாளாம். என்ன பேசுவாள் என்று கேட்டால், "நாக்கப் பத்திதான்" என்கிறான்.

3

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு மிட்டாய் நிறுவனம் அவளுடைய கம்பெனிக்கு வேலை கொடுத்தது. மாத்திரை அளவில் புளிப்பு மிட்டாய். இதுவரை பிளாஸ்டிக் பையில் விற்றுவந்தார்கள். இனிமேல் முழுக்க அட்டையில் வேண்டும். பசை நாடா கூடாது, பிளாஸ்டிக் மூடி கூடாது, திறந்து திறந்து மூட வேண்டும், மூடியது மூடியபடி இருக்க வேண்டும். பையில் போட்டுக்கொண்டு ஓடினாலும் ஒரு மிட்டாய் சிந்தக் கூடாது.

சாம்பிள் ரூமில் ஒரு நீள மேசை, பச்சை ரப்பர் விரிப்பு, இரும்பு அளவுகோல்கள், பிளேடு செருகிய கத்தி. அங்கே இரண்டு மாதத்தில் பத்தொன்பது பெட்டி செய்தாள். ஏழாவது பெட்டி மூடியது, திறக்கவில்லை. பதினொன்றாவது திறந்தது, திறந்த வேகத்தில் மிட்டாய் மூஞ்சியில் அடித்தது. ஒவ்வொன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து தம்பியிடம் நீட்டுவாள். அவன் தின்று, மூடி, திறந்து, தின்று, மூடி... பதினைந்தாவது பெட்டியின்போது கடைவாய்ப்பல்லை அடைக்க வேண்டியதாயிற்று.

"என் பல்ல ஆராய்ச்சிக்கு எழுதி வெச்சிட்டேன்" என்றான் என்னிடம்.

"பெட்டிக்குள்ள பொத்தானைப் போட்டும் சோதிக்கலாம்னு சொன்னேன். கேட்டாதானே" என்றாள் அவள்.

பத்தொன்பதாவது பெட்டி சரியாக அமைந்தது. கட்டைவிரலால் ஒரு அழுத்து, மூடி எழும்பும். விரலால் ஒரு தட்டு. நாக்கு வாய்க்குள் போய் 'டிக்' என்று உட்காரும். ஒரே கையில் எல்லாம் முடியும். அறுபது தடவை திறந்து மூடிய பின்னும் அந்த 'டிக்' மாறவில்லை. நானும் செய்து பார்த்தேன். (கிழிக்கவில்லை. நடுவில் அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.)

மிட்டாய்க்காரர்கள் முப்பது பேருக்கு இந்தப் பெட்டியும், வேறு முப்பது பேருக்குப் பழைய பையும் கொடுத்து, எத்தனை நாளில் தீர்கிறது என்று பார்த்தார்கள். பை இரண்டரை நாளில் காலி. பெட்டி பதினொரு நாள் வந்தது. கருத்துத் தாளில் கிரேன் ஓட்டுகிற ஒருவர் எழுதியிருந்தார்: 'மூடும்போது டிக் என்று கேட்கிறது. போதும் என்று யாரோ சொல்வதுபோல் இருக்கிறது. நன்றி.'

அவள் அந்தத் தாளைப் படியெடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்து அவளுக்கு வந்த ஒரே வாசகர் கடிதம் அது. எனக்கு வந்ததைவிட ஒன்று அதிகம்.

4

இப்போது வில்லன் வர வேண்டும்.

மிட்டாய் நிறுவனத்தின் விற்பனை மேலாளர். எப்போதும் சிரித்த முகம். முப்பத்திரண்டு பல்லும் தெரியும். தம்பி அவருக்கு 'பல்பொடி' என்று பெயர் வைத்தான். இவரைக் கெட்டவராக எழுத எவ்வளவோ முயன்றேன். முடியவில்லை. எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் தான் குடிக்கிற மனிதர் என்று அவளே சொல்கிறாள். ஆக, நல்லவராகவே வரட்டும்.

பல்பொடி சாம்பிள் ரூமுக்கு வந்து, பெட்டியைத் திறந்தார், மூடினார். டிக்.

"பிரமாதம் மேடம். மூடுது. ரொம்ப நல்லா மூடுது. அதுதான் கொஞ்சம் இடிக்குது."

"எங்க சார் இடிக்குது? நாக்கா?"

"நாக்கு இல்ல மேடம். விற்பனை. ரெண்டரை நாள்ல தீர வேண்டியது பதினோரு நாள் வந்தா நான் எங்க போறது? அந்த 'போதும்'தான் மேடம் நமக்கு எமன்."

அவள் அளவுகோலை எடுத்து நேராக வைத்தாள்.

"ஒண்ணும் இல்ல. எட்டு தடவை நல்லா மூடட்டும். கடையில நின்னு திறந்து பார்க்கிறவங்க எட்டு தடவைக்கு மேல பார்க்க மாட்டாங்க. ஒன்பதாவது தடவை கொஞ்சம் அசந்துபோகட்டும். மூடலைன்னா மனுஷன் என்ன பண்ணுவான்? தின்னு தீர்ப்பான்."

"பெட்டி மேல 'எத்தனை முறை வேண்டுமானாலும் திறந்து மூடலாம்'னு அச்சடிக்கச் சொல்லியிருக்கீங்களே சார்."

"ஆமா. மூடலாம்னுதானே போட்டிருக்கு? மூடும்னு போடலையே!"

(இலக்கணத்தை இவ்வளவு நுட்பமாகக் கையாள்கிறவர் மிட்டாய் விற்கப் போய்விட்டார். நான் கதை எழுதுகிறேன்.)

"சரி சார், இதை எழுத்துல குடுத்திடுங்க" என்றாள்.

"இதெல்லாமா எழுத்துல வரும்? நமக்குள்ள ஒரு புரிதல்தான் மேடம்." சிரித்துவிட்டு, மேசையிலிருந்து இரண்டு மிட்டாயை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். பெட்டியை மூடிவிட்டுத்தான் போனாராம்.

5

இங்கேதான் கதாபாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு பெட்டி ஒன்பதாவது தடவை மூடினால் என்ன, மூடாவிட்டால் என்ன? இதற்காகத் தூக்கத்தைத் தொலைப்பாளா ஒரு பெண்? வாசகர் நம்ப மாட்டார். காரணம் வேண்டும், ஆழமான காரணம். ஆகவே அவளுக்கு ஒரு ஏழ்மையான இளமைப்பருவம் கொடுத்தேன். நாலு பிள்ளைகள், ஒரு மிட்டாய். கைக்குட்டையில் முடிந்து வைத்து ஒரு வாரம் நக்குகிறாள். கைக்குட்டை அவிழ்ந்து, மிட்டாய் சாக்கடையில் விழ—

அந்தப் பக்கங்களை அவளிடம் படிக்கக் கொடுத்தேன்.

"யாரு அண்ணி இந்தப் பொண்ணு?"

"நீதான்."

"எங்க அப்பா பலசரக்குக் கடை வெச்சிருந்தார். மிட்டாய் பாட்டில் பக்கத்துலதான் என்னை உட்கார வெச்சிருப்பாங்க. ஆறு வயசுல ஏழு பல்லு சொத்தை."

"சரி, வேற ஏதாவது சோகம்?"

யோசித்தாள். எனக்காக உண்மையாகவே யோசித்தாள்.

"ஒண்ணும் இல்ல அண்ணி. பெட்டின்னா மூடணும். மூடும்னு எழுதியிருந்தா கண்டிப்பா மூடணும். இதுக்கு எதுக்கு ஒரு குழந்தையப் போய் அழ வெக்கறீங்க?"

நான்கு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். நல்ல நடை. போகட்டும்.

6

அடுத்து வருவது புரிய ஒரு செய்தித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாகக் கிழியுங்கள்; பிறகு பக்கவாட்டில் கிழியுங்கள். ஒரு பக்கம் கோடு போட்டாற்போல் கிழியும். இன்னொரு பக்கம் கோணல்மாணலாக முரண்டு பிடிக்கும். காரணம் இழை. தாளுக்கும் அட்டைக்கும் உள்ளே இழை ஒரே திசையில் ஓடுகிறது. பெட்டியின் நாக்கில் இழை நீளவாக்கில் ஓடினால் நாக்கு விறைப்பாக நிற்கும், அறுபது தடவை தாங்கும். குறுக்கே ஓடினால் எட்டு தடவை வளைந்ததும் அடி தளர்ந்து, துணிபோலத் தொங்கிவிடும்.

வரைபடத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. அதே கோடு, அதே அளவு. ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி மட்டும் இழை எந்தப் பக்கம் என்று காட்டும். அவ்வளவுதான்.

அவள் அம்பைத் திருப்பினாள். புது மாதிரி ஒன்று செய்தாள். பல்பொடி அதை எட்டு தடவை மூடினார். ஒன்பதாவது தடவை நாக்கு வாய்க்குள் போகாமல் வெளியே தொங்கியது. "மேடம், நீங்க மேதை!" என்று கைதட்டினார். மாதிரியின் அடியில் கையெழுத்துப் போட்டார். இதற்குத்தான் ஒப்புதல் மாதிரி என்று பெயர். இனி அச்சாகிற ஒவ்வொரு பெட்டியும் இதைப்போலவே இருக்க வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தம்பியிடம் சொன்னாள்: "பதினாலு வருஷத்துல இன்னிக்குத்தான் என்னை மேதைன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார்."

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, வரைபடம் அச்சுக்கூடத்துக்குப் போனது. போனபோது அம்பு பழைய பக்கமே திரும்பியிருந்தது.

யார் திருப்பியது என்று நான் மர்மம் பண்ணப்போவதில்லை. அந்தக் கணினிக்கு அவளைத் தவிர வேறு ஆளில்லை.

7

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அன்று அவள் வீட்டிலிருந்து வேலை பார்த்தாள். நான் கதைக்குக் குறிப்பு எடுக்கிறேன் என்ற பெயரில் எதிரே உட்கார்ந்து அவள் போட்ட காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கை பசையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

அவள் கம்பெனியிலேயே உள்ள அச்சுக்கூடத்தின் மேஸ்திரி. மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி என்று திரிவதால் 'கண்ணாடி அண்ணன்'.

"ம்மா, ஒரு சின்ன விஷயம். கையெழுத்துப் போட்ட மாதிரியில இழை குறுக்கே ஓடுது. நீங்க அனுப்பின பைல்ல நீளவாக்குல இருக்கு. எதைப் போட?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் காபிக்குள் பார்த்தேன்.

"பைல்ல இருக்கிறபடியே போடுங்கண்ணே."

அந்தப் பக்கம் அவர் யாரையோ வெளியே போகச் சொல்வது கேட்டது.

"ம்மா, நான் இதைக் கேட்டேனா, கேக்கலையா?"

"நீங்க கேக்கவே இல்லண்ணே."

"அப்படித்தான் எனக்கும் ஞாபகம். வெச்சிடறேன்."

இரண்டு லட்சம் பெட்டி அச்சாயின.

(இந்த இடத்தில் நான் தடுத்திருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். எழுத்தாளரிடம் அதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு அப்போது ஏழாம் பகுதி கிடைத்துவிட்டதே என்ற மகிழ்ச்சிதான் இருந்தது.)

8

ஆறு வாரத்தில் பல்பொடி தொலைபேசியில் வந்தார். ஏழாவது வாரம் நேரில் வந்தார். அட்டைக் கம்பெனியின் முதலாளியம்மா, பல்பொடி, கண்ணாடி அண்ணன், நாக்கு மேடம் என நான்கு பேரும் முதலாளியம்மாவின் அறையில் உட்கார்ந்தார்கள். மேசை நடுவில் ஒரு பெட்டி. இதை அவள் சொல்லக் கேட்டுத்தான் எழுதுகிறேன். பிறகு கண்ணாடி அண்ணனையும் தனியாகப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

"என்ன புகார் சார்?" என்றார் முதலாளியம்மா.

"பெட்டி சரியில்லம்மா."

"மூடலையா?"

"மூடுது."

"திறக்கலையா?"

"திறக்குது."

"சிந்துதா?"

"இல்ல."

"அப்போ என்ன?"

பல்பொடியின் சிரிப்பு முதல் முறையாகக் கொஞ்சம் சுருங்கியது. முதலாளியம்மா ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் தள்ளினார். "எழுதிக் குடுங்க. எழுத்துல இருந்தா நாளைக்கே மாத்திடறேன்."

அவர் பேனாவைத் திறந்தார். 'தங்கள் பெட்டி அளவுக்கு மீறி நன்றாக—' அடித்தார். 'ஒப்புக்கொண்டதுபோல் ஒன்பதாவது முறை கெட்டுப்போகாமல்—' அதையும் அடித்தார். 'வாடிக்கையாளர்கள் பெட்டியை மூடிவிடுகிறார்கள் என்பதை வருத்தத்துடன்—'

ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, அது தன்னையே காட்டிக்கொடுக்கிறது என்று தெரிந்து பாதியில் விடுவது என்ன வேதனை என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர்மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது. கடைசியில் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டி அப்படியே இருக்கட்டும் என்று மறுநாள் தகவல் வந்தது. இன்றும் கடைகளில் இருக்கிறது, இன்றும் மூடுகிறது. விற்பனை ஏறவும் இல்லை, படுத்துவிடவும் இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நிம்மதியாகப் போய்ச் சோற்றுக்கு உலை வைத்திருப்பேன்.

9

பல்பொடி போனதும் முதலாளியம்மா கதவைச் சாத்திவிட்டு, கையெழுத்தான மாதிரியை எடுத்து அச்சான பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அவர் கேட்டது தப்பு. அது அவரோட. இது நம்மளோட தப்பு. கையெழுத்தான மாதிரிய மாத்தி அச்சடிச்சிருக்கோம். இன்னிக்கு நல்லதுக்கு மாத்தினது, நாளைக்கு எதுக்கு மாறும்? மாதிரியில கை வெச்சவங்க என்கிட்ட வேலை பார்க்க முடியாது. அம்பைத் திருப்பினது யாரு?"

'நான்தான்' என்று சொல்லத்தான் நாக்கு மேடம் நிமிர்ந்தாளாம். அதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"நான்தாம்மா" என்றார் கண்ணாடி அண்ணன். "அம்பு சரியாத்தான் வந்துச்சு. திருப்பிப் போட்டா ஒரு ஷீட்டுக்கு ரெண்டு பெட்டி கூட விழும். தாள் வீணாப் போகுதேன்னு நானே திருப்பிட்டேன். மேடத்துக்கு ஒண்ணும் தெரியாது."

சொல்லிக்கொண்டே மேசைக்கு அடியில் அவள் கால்விரலை நன்றாக ஒரு மிதி மிதித்தார்.

அவருக்கு ஓய்வுக்கு ஏழு மாதம் பாக்கி. அவளுக்கு இன்னும் பத்தொன்பது வருடம். அந்தக் கணக்கை அவர் போட்டுவிட்டார். அவளும் போட்டாள். "ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அப்பாடான்னு இருந்துச்சு அண்ணி" என்றாள் என்னிடம். "அப்புறம்தான் தோணிச்சு. என் பெட்டி பொய் சொல்லக் கூடாதுன்னு அம்பைத் திருப்பினேன். இப்போ எனக்காக ஒரு மனுஷன் உக்காந்து பொய் சொல்லிட்டிருக்கார்."

முதலாளியம்மா அவள் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

10

அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள்.

அதை எழுதியும் விட்டேன். இரண்டு பக்கம். கண்ணாடி அண்ணன் படித்துவிட்டு, "இது வேணாம்மா. பேரப்பிள்ளைங்க படிக்கும்" என்றார். சரி என்று மாற்றி, நடக்காத முடிவு ஒன்றை எழுதினேன். அவள் படித்துவிட்டு, "அண்ணி, அச்சுல வர்றது மூடணும். இது மூடல" என்றாள். உண்மையை எழுதினால் அவருக்குச் சங்கடம். பொய்யை எழுதினால் இவளுக்குச் சங்கடம். மூன்றாவதாக முதலாளியம்மாவை மயங்கி விழவைத்து ஒரு முடிவு செய்தேன். இரண்டு பேருமே சிரித்தார்கள். அதுவும் போயிற்று.

இந்தக் கதை அச்சாக இருவரும் சம்மதித்திருக்கிறார்கள். அதை வைத்துத் துப்புத் துலக்கலாம் என்று பார்க்காதீர்கள், ஒன்றும் கிடைக்காது. இருவரில் யார் இன்னும் அங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று என் தம்பியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். அவனை நான் நன்றாகவே மிரட்டி வைத்திருக்கிறேன்.

ஆகவே இதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். பல்பொடி எழுந்துபோன நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, உட்கார்ந்துகொள்ளுங்கள். எதிரே முதலாளியம்மா காத்திருக்கிறார். மேசைக்கு அடியில் அந்தக் கால் இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறது. நாக்கு மேடம் தொண்டையைச் செருமிக்கொள்கிறாள்.

"அம்மா," என்கிறாள், "அந்த அம்பை—"